ஆக்கிரமிப்புச் செடிகளை மூலிகையாகப் பயன்படுத்த: புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கலாபகோஸ் தீவுகளில் ஒன்றான சாண்டா குரூஸில், சிங்கோனா மரங்களின் பட்டையைக் கொத்திக் களைக்கொல்லி ஊற்றுகிறார்கள். மலேரியாவுக்காக உலகமே தேடி அலைந்த குயினைன் கிடைக்கிற மரம் அது. 1940களில் அந்தத் தீவுக்குக் கொண்டுவந்து நட்டார்கள். மரமே இல்லாத மேட்டுநிலத்தில் அது காடாக எழுந்து, அங்கிருந்த சிறு செடிகளுக்கு வெயில் கிடைக்காமல் செய்துவிட்டது. அதன் தாயகமான ஆண்டிஸ் மலைகளிலோ, பட்டைக்காக உரித்தும் வெட்டியும் சிங்கோனா பல இடங்களில் அரிதாகிப் போனது.

ஒரே செடி ஓரிடத்தில் மருந்து, இன்னோரிடத்தில் தொல்லை, சில இடங்களில் இரண்டும். இப்படிப்பட்ட செடிகளை மூலிகையாக எடுத்துப் பார்க்க நினைக்கும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். “எப்படியும் களைதானே, பிடுங்கினால் நல்லதுதானே” என்ற நினைப்போடுதான் பலரும் தொடங்குகிறார்கள். அது பாதிதான் சரி. பிடுங்குகிற விதம் தப்பினால் அதே செடியை நாமே பரப்பிவிடுவோம். கஷாயம் வைப்பது கடைசி வேலை, அதுவும் சுலபமான வேலை. அதற்கு முன்னால் வருகிற வேலைகளுக்குத்தான் நேரம் ஆகும்.

முதலில், உங்கள் இடத்தில் அதன் நிலை என்ன என்று பாருங்கள்

வேறிடத்திலிருந்து வந்து, உள்ளூர்ச் செடிகளை நெருக்கித் தள்ளிக் கேடு செய்து பரவுபவையே ஆக்கிரமிப்புச் செடிகள். வெளியிலிருந்து வந்த செடிகள் எல்லாமே ஆக்கிரமிப்பவை அல்ல. ஐ.பி.பி.இ.எஸ். என்ற பன்னாட்டு அறிவியல் அமைப்பு 2023ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மனிதர்கள் வழியாகப் புது இடங்களுக்குப் போய்ச் சேர்ந்த உயிரினங்கள் 37,000க்கு மேல். அவற்றில் கேடு செய்பவை என்று பதிவானவை சுமார் 3,500. செடிகளை மட்டும் எடுத்தால், புது மண்ணில் வேரூன்றியவற்றில் நூற்றுக்கு ஆறுதான் ஆக்கிரமிப்பாக மாறுகின்றன. மற்றவை ஓர் ஓரமாக வளர்ந்துவிட்டுப் போகின்றன.

வேம்பைப் பாருங்கள். நமக்கு அதைவிட நெருக்கமான மரம் எது? ஆனால் ஆஸ்திரேலியாவின் வடக்கு ஆட்புலப் பகுதியில் அது சட்டப்படி அறிவிக்கப்பட்ட களை. பறவைகள் பழத்தைத் தின்று விதையைக் கொண்டுபோய்ப் போட, ஓடைக்கரைகளில் அது முளைத்துக்கொண்டே போகிறது. ஆகவே “இது ஆக்கிரமிப்புச் செடியா?” என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. “நான் நிற்கிற இந்த இடத்தில் ஆக்கிரமிப்புச் செடியா?” என்று கேட்க வேண்டும்.

உங்கள் அரசின் வேளாண் துறையோ வனத்துறையோ வைத்திருக்கும் களைப் பட்டியலைத் தேடுங்கள். அதில் உங்கள் செடி இருந்தால், உயிருள்ள பாகத்தை எடுத்துச் செல்ல அனுமதி உண்டா, கழிவை எங்கே போட வேண்டும் என்ற இரண்டையும் குறித்துக்கொள்ளுங்கள். இது வெறும் சம்பிரதாயம் இல்லை. பிரிட்டனில் ஜப்பானிய நாட்வீட் செடியைக் காட்டுவெளியில் நடுவதோ வளரச் செய்வதோ 1981ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். தோண்டி எடுத்த வேரும் அது கலந்த மண்ணும் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டுப்படுத்தப்பட்ட கழிவு. மருந்துக்காகத்தான் தோண்டினேன் என்று சொல்லித் தப்ப முடியாது.

இன்னொன்று: பட்டியலில் உள்ள ஒரு செடி உங்கள் பகுதியில் இதுவரை பதிவாகாமல் இருந்து, நீங்கள்தான் முதலில் பார்க்கிறீர்கள் என்றால், அதைத் தொடாதீர்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, துறைக்குத் தெரிவியுங்கள். ஒன்றிரண்டாக இருக்கும்போதுதான் அதை முழுதாக ஒழிக்க முடியும்.

ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுங்கள்

ஆரம்பத்திலேயே பத்துச் செடிகளைக் கற்றுக்கொள்ள ஆசை வரும். வேண்டாம். ஒரு பருவம் முழுக்க ஒரே செடி.

நல்ல தேர்வுக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வட அமெரிக்கக் காடுகளில் கோல்டன்சீல் என்று ஒரு சிறு செடி. அதன் மஞ்சள் வேரில் பெர்பரின் என்ற மருந்துப் பொருள் இருக்கிறது. காலங்காலமாகத் தோண்டித் தோண்டி அது குறைந்துபோனதால், 1997ல் அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் என்ற பன்னாட்டு ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் சேர்த்து அதன் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தினார்கள். அதே நாட்டின் கிழக்குப் பகுதிக் காடுகளில், அழகுக்காகக் கொண்டுவரப்பட்ட ஜப்பானிய பார்பெரி என்ற முள்செடி கட்டுக்கடங்காமல் பரவிக் கிடக்கிறது. அதன் வேரிலும் பெர்பரின் உண்டு. இரண்டும் எல்லா விதத்திலும் ஒன்றல்ல. ஆனாலும் அரிதான உள்ளூர்ச் செடியை விட்டுவிட்டு, மிதமிஞ்சிக் கிடப்பதில் கை வைப்பது நியாயமான வழி. என்னைக் கேட்டால், ஆக்கிரமிப்புச் செடிகளை மூலிகையாக எடுப்பதற்கு இருக்கும் மிக வலுவான காரணம் இதுதான்.

தொடக்கத்துக்கு ஏற்றவை என்று நான் நினைப்பவை: ஜப்பானிய ஹனிசக்கிள் கொடியின் பூமொட்டு, ஐரோப்பியர்கள் போன இடமெல்லாம் கூடவே போன அகன்ற இலை பிளான்டெய்ன் என்ற சிறு செடி (வாழை அல்ல). இரண்டுக்கும் நீண்ட மரபுப் பயன்பாடு உண்டு, எடுப்பது இலையோ மொட்டோதான், மண்ணைத் தோண்ட வேண்டியதில்லை. வெட்டுக்காயப் பூண்டையும் சேர்க்கலாம், வெளிப்பூச்சுக்கு மட்டும். மத்திய அமெரிக்காவிலிருந்து வந்து வெப்ப நாடுகள் முழுக்கப் பரவிய செடி அது.

தொடக்கத்தில் தொடவே கூடாதவற்றின் வரிசை இதைவிட நீளம். உண்ணிச்செடியில் லான்டடீன் என்ற நஞ்சு இருக்கிறது. அதை மேய்ந்த கால்நடைகளுக்கு ஈரல் கெட்டு, வெயில் பட்டால் தோல் வெந்துபோகும். பார்த்தீனியம் தொட்டாலே பலருக்கு ஒவ்வாமை தருகிறது. பிரம்மதண்டின் மஞ்சள் பாலைத் தோல்நோய்க்குப் பூசும் வழக்கம் உண்டு. ஆனால் அதே செடியின் விதை எண்ணெய் கடுகெண்ணெயில் கலந்ததால் 1998ல் டெல்லியில் உடல் வீங்கும் நோய் பரவி 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஊமத்தை, ஆமணக்கு விதை, ஹெம்லாக் என்ற நச்சுச்செடி ஆகியவற்றுக்கும் மருத்துவ வரலாறு இருக்கிறது. அது கைதேர்ந்தவர்களின் வரலாறு.

அடையாளம் காணுதல்: இங்கே அவசரமே கூடாது

மூலிகை எடுக்கப் போய் விஷம் சாப்பிட்டவர்களின் கதைகளில் பெரும்பாலானவை இந்த இடத்தில்தான் தொடங்குகின்றன.

ஃபாக்ஸ்க்ளவ் என்ற செடி ஐரோப்பாவிலிருந்து பல நாடுகளுக்குப் போய்க் காடாகிவிட்டது. 1785ல் வில்லியம் விதரிங் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதன் இலையின் பயனை விளக்கி எழுதிய பிறகுதான் அது முறையான இதய மருந்தாக நிலைபெற்றது. குணமாக்கும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடையில் அதில் இடைவெளி மிகக் குறைவு. முதல் ஆண்டில் அது பூக்காமல், தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாக மட்டும் இருக்கும். அந்த நிலையில் காம்ஃப்ரே என்ற இன்னொரு மூலிகையின் இலையைப் போலவே தெரியும். அப்படித் தவறாகப் பறித்துக் காய்ச்சிக் குடித்து இதயத் துடிப்பு தாறுமாறானவர்கள் உண்டு.

ஆகவே பூக்காத செடியை வைத்து முடிவு செய்யாதீர்கள். முதல் பருவத்தில் பறிக்கவே வேண்டாம், பார்த்தால் போதும். தளிர், முழு இலை, பூ, காய், காய்ந்த தண்டு என்று எல்லா நிலையிலும் ஒரே செடியைத் தொடர்ந்து படம் எடுங்கள். இலை அமைப்பு, தண்டின் குறுக்குவெட்டு, மயிர் இருக்கிறதா, கசக்கினால் என்ன வாசனை என்று எழுதி வையுங்கள். ஹெம்லாக் தண்டு மழமழவென்று ஊதாத் திட்டுகளோடு இருக்கும். அதோடு குழம்பக்கூடிய காட்டுக் கேரட்டின் தண்டில் மயிர் இருக்கும். குட்ஸு கொடிக்கும் பாய்சன் ஐவிக்கும் மும்மூன்று சிற்றிலைகள்தான். ஆனால் குட்ஸு சுற்றிக்கொண்டு ஏறும், இளந்தண்டில் மயிர் அடர்ந்திருக்கும். பாய்சன் ஐவி சிறு வேர்களால் மரத்தைப் பற்றிக்கொண்டு ஏறும், தொட்டால் தோல் கொப்பளிக்கும். ஜப்பானிய ஹனிசக்கிளின் பழம் கறுப்பு. சிவப்புப் பழம் பார்த்தால் அது வேறு இனம், விட்டுவிடுங்கள்.

கைபேசிச் செயலி சொல்லும் பெயரைத் துப்பாக எடுத்துக்கொள்ளலாம், தீர்ப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தாவரவியல் பெயரைப் பிடியுங்கள். வட்டாரப் பெயர் ஒன்றே நான்கு செடிகளுக்கு இருக்கும். அப்புறம் தாவரவியல் தெரிந்த ஒருவரிடம் செடியையே காட்டி உறுதி செய்யுங்கள்.

மரபு என்ன சொல்கிறது என்று முழுதாகப் படியுங்கள்

“நாட்வீட் மூட்டுவலிக்கு நல்லது” என்பது அரைத் தகவல். சீன மருத்துவத்தில் ஹூ ஜாங் என்று பயன்படுவது அதன் காய்ந்த வேரும் நிலத்தடித் தண்டும். பயன்படுத்துவது குறிப்பிட்ட அளவில், பெரும்பாலும் வேறு மூலிகைகளோடு சேர்த்து, ஆளைப் பார்த்து. ரெஸ்வெரட்ரால் என்ற தாவரப் பொருள் அடங்கிய சத்து மாத்திரைகள் பலவற்றுக்கும் மூலப்பொருள் இந்த வேர்தான். அதே வேரில் எமோடின் என்ற பேதி மருந்துப் பொருளும் இருக்கிறது. அளவு தெரியாமல் குடித்தால் மூட்டுவலி போகுமோ என்னமோ, வயிறு நிச்சயம் போகும்.

எந்தப் பாகம், பச்சையா காய்ந்ததா, உள்ளுக்கா வெளிக்கா, எத்தனை நாள், யாருக்குக் கூடாது: இந்த ஐந்துக்கும் பதில் கிடைக்காத குறிப்பை ஒதுக்கிவிடுங்கள். உள்ளுக்கா வெளிக்கா என்பதில் மட்டும் கொஞ்சம் கூடுதல் கவனம். குரோமோலேனா என்ற புதர்ச்செடியின் இலையை வியட்நாமில் காயங்களுக்கும் தீப்புண்ணுக்கும் பயன்படுத்துகிறார்கள். அதை வைத்து “அப்படியென்றால் கஷாயமும் குடிக்கலாம்” என்று தாவக் கூடாது. அந்தச் செடியில், குறிப்பாகப் பூவில், பைரோலிசிடின் ஆல்கலாய்டுகள் இருக்கின்றன. அவை ஈரலை மெல்ல மெல்லக் கெடுப்பவை, குடித்த அன்று எதுவும் தெரியாது. எத்தியோப்பியாவின் டிக்ரே பகுதியில் 2000களில் ஒரு மர்ம ஈரல் நோய் மக்களைத் தாக்கியது. தானியத்தில் கலந்த அஜராட்டம் என்ற களையின் விதைதான் காரணம் என்று தெரியவந்தது. அந்த அஜராட்டமும் பல நாடுகளில் காயத்துக்குக் கட்டும் மூலிகைதான்.

நீரிழிவு, புற்றுநோய், மூலம், முடி உதிர்வு எல்லாவற்றுக்கும் ஒரே செடி என்று எழுதியிருந்தால் அந்தப் பக்கத்தை மூடிவிடலாம். ஆய்வகத் தட்டில் கிருமியைக் கொன்றது என்ற செய்திக்கும் பெரிய மதிப்புக் கொடுக்காதீர்கள். வினிகரும் அதைச் செய்யும்.

இடத்தைச் சோதியுங்கள்

ஆக்கிரமிப்புச் செடிகளுக்கென்றே உள்ள ஆபத்து இது: அவற்றை ஒழிக்க யாரோ களைக்கொல்லி அடித்திருப்பார்கள். கிளைஃபோசேட் என்ற களைக்கொல்லி அடித்த செடி ஒரு வாரம் பத்து நாள் வரைகூடப் பச்சையாகவே நிற்கும். நாட்வீடின் தண்டுக்குள் ஊசி மூலம் செலுத்துவதும் உண்டு, வெளியே எதுவும் தெரியாது. நிலத்துக்காரரிடமும் உள்ளாட்சியிடமும் நேரடியாகக் கேளுங்கள். தெளிவான பதில் வராவிட்டால் வேறு இடம் பாருங்கள். அனுமதியும் அதே பேச்சில் வாங்கிவிடலாம்.

சாலையோரம், ரயில் பாதை, பழைய தொழிற்சாலை நிலம், குப்பைமேடு ஆகியவையும் வேண்டாம். ஆக்கிரமிப்புச் செடிகள் இந்த மாதிரி இடங்களில்தான் அதிகம் என்பது சங்கடமான உண்மை. ஆகாயத்தாமரை ஈயம், காட்மியம் போன்ற உலோகங்களை நீரிலிருந்து உறிஞ்சிச் சேர்த்து வைக்கும். அதனாலேயே கழிவுநீரைச் சுத்தம் செய்ய அதைப் பயன்படுத்திப் பார்க்கிறார்கள். அப்படிப்பட்ட குளத்திலிருந்து எடுத்த ஆகாயத்தாமரையை உள்ளுக்குச் சாப்பிடுவது எந்த மரபிலும் நியாயமாகாது.

பறித்தல்

எதை எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து இந்த வேலை ஒன்று சுலபம், இல்லையென்றால் தலைவலி.

பூ, மொட்டு எடுப்பது சுலபம். ஹனிசக்கிளின் மொட்டைப் பறித்தால் பழம் வராது. பழம் இல்லையென்றால் பறவை வழியாக விதை போகாது. நமக்கும் மருந்து, காட்டுக்கும் நல்லது. விருப்பம்போல் எல்லாவற்றையும் பறிக்கலாம். “மூன்றில் ஒரு பங்கு மட்டும் எடு” என்ற மூலிகைக்காரர்களின் வழக்கமான விதி இங்கே பொருந்தாது.

இலை எடுக்கிறவர்கள் விதை முற்றுவதற்கு முன் போக வேண்டும். வெட்டுக்காயப் பூண்டு ஒரே நேரத்தில் பூவும் காய்ந்த விதையுமாக நிற்கும். விதைக்குக் குஞ்சம் உண்டு, ஊதினால் பறக்கும். முதலில் விதைத்தலைகளை ஒரு பைக்குள் கிள்ளிப் போட்டுவிட்டு, அப்புறம் இலையைப் பறியுங்கள். இமாலய பால்சம் செடியின் காய் தொட்டவுடன் வெடித்து விதையை 7 மீட்டர் தூரம் வரை வீசும். காய் பிடித்த பிறகு அதன் பக்கமே போகாமல் இருப்பது நல்லது.

வேர் எடுப்பதுதான் சிக்கல். நாட்வீடின் நிலத்தடித் தண்டில் ஒரு கிராமுக்கும் குறைவான துண்டு மண்ணில் விழுந்தாலும் புதுச் செடி முளைக்கும். பிரிட்டனில் பரவியிருப்பது ஏறக்குறைய முழுக்க ஒரே பெண் செடியின் துண்டுகள். விதையே இல்லாமல் ஒரு நாட்டையே பிடித்துவிட்டது. மண்வெட்டியில் ஒட்டிய சேறு, காலணித் தடம், வண்டிச் சக்கரம் எல்லாம் அதற்கு வாகனம். ஆகவே நாட்வீட் வேரைப் புதியவர்கள் தோண்டவே வேண்டாம் என்பேன். அந்த வேர்தான் வேண்டுமென்றால், ஒழிப்பு வேலை முறைப்படி நடக்கும் இடத்தில், களைக்கொல்லி அடிக்காமல் தோண்டி எடுக்கும்போது, அங்கேயே கேட்டு வாங்குங்கள்.

பட்டை எடுக்கிறேன் என்று ஐலாந்தஸ் என்ற ஆக்கிரமிப்பு மரத்தை வெட்டுகிறவர்களுக்கும் இதே கதைதான். ஒரு மரத்தை வெட்டினால் வேரிலிருந்து சுற்றிலும் கன்றுகள் கிளம்பும். போதாததற்கு அதன் சாறு பட்டால் சிலருக்குத் தோல் தடிக்கும்.

கையுறை, முழுக்கைச் சட்டை, அடர்த்தியான பை. பையை அந்த இடத்திலேயே கட்டுங்கள். கிளம்புவதற்கு முன் காலணி, கத்தி, உடையின் மடிப்பு எல்லாவற்றையும் அங்கேயே தட்டித் துடைத்துவிட்டு வாருங்கள். வீட்டுக்கு வந்து தட்டினால், விதை வீட்டு வாசலில் முளைக்கும்.

மிச்சத்தை என்ன செய்வது?

உரக்குழியில் போடாதீர்கள். வீட்டு உரக்குழியின் சூடு பல விதைகளையும் வேர்த்தண்டுகளையும் கொல்லப் போதாது. வேண்டாத பாகங்களைக் கறுப்புப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, தரையில் படாமல், வெயிலில் பல வாரம் போட்டுவையுங்கள். முழுக்க அழுகியோ காய்ந்தோ போன பிறகு உள்ளூர் விதிப்படி அப்புறப்படுத்துங்கள். பார்த்தீனியத்தையோ பாய்சன் ஐவியையோ தவறிக் கொண்டுவந்துவிட்டால் எரிக்க வேண்டாம். முக்கியமாகப் பாய்சன் ஐவியின் புகை நுரையீரலைப் புண்ணாக்கும்.

மருந்துக்கு எடுத்ததை நிழலில், காற்றோட்டத்தில், வலைத்துணியால் மூடிக் காயவையுங்கள். ஒடித்தால் நொறுங்க வேண்டும். வேராக இருந்தால் மெல்லிய வில்லைகளாக நறுக்கிய பிறகே காயவையுங்கள், முழு வேருக்குள் உயிர் தங்கியிருக்கும். தாவரவியல் பெயர், பாகம், எடுத்த இடம், தேதி எழுதாத புட்டியை வைத்துக்கொள்ளக் கூடாது.

முதல் முறை பயன்படுத்தும்போது

ஏற்கெனவே ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறீர்களா? அப்படியானால் இந்தப் பகுதியை மட்டுமாவது நிதானமாகப் படியுங்கள்.

செயின்ட் ஜான்ஸ் வோர்ட் ஐரோப்பிய மூலிகை. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மேய்ச்சல் நிலங்களை அது விழுங்கியபோது, அதைத் தின்னும் வண்டுகளை 1940களின் நடுவில் கலிபோர்னியாவில் இறக்கிவிட்டுத்தான் கட்டுப்படுத்தினார்கள். லேசான, நடுத்தர மனச்சோர்வுக்கு அது பலன் தருகிறது என்பதற்கு மருத்துவச் சோதனைகளில் ஓரளவு நல்ல ஆதாரம் இருக்கிறது. மூலிகைகளில் இப்படி ஆதாரம் உள்ளவை குறைவு. ஆனால் அதுவே ஈரலில் மருந்துகளைச் சிதைக்கும் நொதிகளையும் தூண்டிவிடுகிறது. விளைவு, கூடவே சாப்பிடும் மற்ற மாத்திரைகள் உடலில் சீக்கிரம் கரைந்து காணாமல் போகின்றன. கருத்தடை மாத்திரை, ரத்தம் உறையாமல் காக்கும் வார்ஃபரின், எச்.ஐ.வி. மருந்து எல்லாம் இதில் அடக்கம். எச்.ஐ.வி. மருந்து பற்றி அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2000ஆம் ஆண்டில் எச்சரிக்கை விடுத்தது. அதே ஆண்டில், மாற்று இதயம் பொருத்திக்கொண்ட இருவர் இந்த மூலிகையை எடுத்ததால், உடல் மாற்று உறுப்பை நிராகரிக்காமல் காக்கும் சைக்ளோஸ்போரின் மருந்தின் அளவு குறைந்து, உடல் அந்த இதயத்தை நிராகரிக்கத் தொடங்கியதும் பதிவானது. மனச்சோர்வு மாத்திரைகளோடு சேர்த்தால் வேறு வகை ஆபத்து: மூளையில் மனநிலையோடு தொடர்புடைய செரட்டோனின் என்ற பொருள் மிகுந்து உயிருக்கே உலை வைக்கலாம்.

கர்ப்பிணிகள், பாலூட்டுகிறவர்கள், குழந்தைகள், ஈரல் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் தாமாகவே எதையும் உள்ளுக்கு எடுக்க வேண்டாம். பழகிய செடி என்பது இதில் பாதுகாப்பு ஆகாது. மலேசியாவில் வேப்பெண்ணெய் புகட்டப்பட்ட குழந்தைகளுக்கு மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்டதை 1981ல் மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

மற்றவர்களும் வெளிப்பூச்சில் தொடங்குங்கள். முழங்கையின் உட்பக்கத்தில் சிறிது தடவி ஒரு நாள் முழுக்கப் பாருங்கள். டெய்சிக் குடும்பச் செடிகள் (சூரியகாந்தி, சாமந்தி வகை) ஒவ்வாத ஆட்கள் பலர். வெட்டுக்காயப் பூண்டும் அந்தக் குடும்பம்தான். ஆழமான காயம், விலங்குக் கடி, சீழ் பிடித்த புண் ஆகியவற்றில் பச்சிலை வைக்காதீர்கள், மண்ணோடு கிருமியும் உள்ளே போகும். உள்ளுக்கு எடுப்பதென்றால் ஒரு நேரத்தில் ஒரே மூலிகை, மரபு சொல்லும் குறைந்தபட்ச அளவு, குறுகிய காலம். மருத்துவரிடம் செடியின் தாவரவியல் பெயரையே சொல்லுங்கள். “ஏதோ பச்சிலை” என்றால் அவரால் எதையும் பார்த்துச் சொல்ல முடியாது. தோல் அரிப்பு, சிறுநீர் கறுத்தல், கண் மஞ்சளாதல், படபடப்பு, ஓயாத வாந்தி எது வந்தாலும் நிறுத்திவிட்டு, செடியின் துண்டோடு மருத்துவமனைக்குப் போங்கள்.

அடுத்த ஆண்டு

நன்றாக வேலை செய்கிறது என்று தெரிந்ததும் வீட்டுத் தொட்டியில் ஒன்று வைக்கத் தோன்றும். நண்பர் விதை கேட்பார். இரண்டையும் மறுத்துவிடுங்கள். காய்ந்து நொறுங்கிய இலையைத் தரலாம், உயிருள்ள எதையும் தர வேண்டாம். விற்கத் தொடங்கினால் இன்னொரு சிக்கலும் வரும்: செடி தீர்ந்துபோகக் கூடாது என்ற ஆசை. ஒழிக்க வந்தவரே ஓரத்தில் கொஞ்சம் விட்டுவைக்கத் தொடங்குவார். நான்கு பேர் இலை பறிப்பதால் ஓர் ஆக்கிரமிப்புச் செடி ஒழிந்துவிடும் என்று நம்பவும் வேண்டாம், அது வேறு வேலை, அதற்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். அவர்கள் செடி பிடுங்கும் நாள் தெரிந்தால் போய்ச் சேர்ந்துகொள்ளுங்கள், மருந்துக்கு வேண்டியது அங்கேயே கிடைத்துவிடும்.

பறித்த இடத்துக்கு அதே பருவத்தில் திரும்பப் போங்கள். முதல் படத்தோடு ஒப்பிட்டு, செடி எவ்வளவு இடம் பிடித்திருக்கிறது என்று பாருங்கள். நீங்கள் நடந்துபோன பாதையோரத்தில் புதுக் கன்றுகள் தெரிந்தால், பறிப்பதை நிறுத்திவிட்டு அவற்றை வேரோடு எடுக்கும் வேலையை முதலில் முடியுங்கள்.